‘ஒரு வாரம் கழித்து வரவும்’: அந்த ஒரு வரியைக் காப்பாற்ற உங்கள் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "சார், பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பையன் கேம்ஸ் ஆடுகிறான். வேறு என்ன உருப்படியாகச் செய்யலாம்?" இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. இந்த மாதம் நான் சொல்லப் போகும் பதில், வீட்டில் 12 வயதிலிருந்து 19 வயது வரை பிள்ளைகள் இருப்பவர்களுக்கு மிகவும் பயன்படும்.

உங்கள் வீட்டு பீரோவில், அல்லது டிவி ஸ்டாண்டிற்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். எமர்ஜென்சி வார்டில் சிகிச்சை பெற்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட சீட்டு எதுவாக இருந்தாலும், அதன் கடைசியில் டாக்டரின் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருக்கும். ‘ரிவியூ ஆஃப்டர் 1 வீக்’. அதாவது ஒரு வாரம் கழித்து வந்து காட்டவும். பல வீடுகளில் அந்த வரி படிக்கப்படுவதே இல்லை. படித்தாலும், "இப்பத்தான் நல்லாயிட்டானே" என்று சீட்டு கவருக்குள் போய் விடுகிறது.

குழந்தை என்றால் தூக்கிக் கொண்டு போய் விடுவோம். பெரியவர்கள் தாங்களே போவார்கள். நடுவில் இருக்கும் இந்த வயதினர்தான் சிக்கல். அம்மா தூக்கிக் கொண்டு போக முடியாது. தானாகவும் போக மாட்டான்.

<b>என் அக்கா மகன்</b>

மதுரையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு வீசிங் உண்டு. பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் இரவு மூச்சு விட முடியாமல் போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நெபுலைசர் வைத்து, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, சில மணி நேரம் வைத்திருந்து அனுப்பி விட்டார்கள். ஆறு நாள் கழித்து வரச் சொல்லி இருந்தார்கள். மூன்றாம் நாளே அவன் கிரிக்கெட் ஆடப் போய் விட்டான்.

நான் போன் செய்தபோது அவன் சொன்ன காரணங்களை எல்லாம் ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டேன். இதழுக்கு எழுதுபவனின் பழக்கம்! "மாமா, எனக்கு இப்ப ஒண்ணுமே இல்லை. எதுக்குப் போகணும்?" இது முதல் காரணம். "அன்னைக்கு டியூஷன்ல டெஸ்ட் இருக்கு." இது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்குப் புதிது. "டாக்டர் அம்மாகிட்டயேதான் பேசறாரு. என்னைப் பார்க்கவே இல்லை. நான் எதுக்கு அங்க உட்காரணும்?" கடைசியாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: இன்ஹேலரை நண்பர்கள் முன்னால் எடுக்க வெட்கமாக இருக்கிறது, டாக்டர் கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும்.

இந்த நான்கையும் கவனியுங்கள். மறதி என்ற சொல்லே இதில் இல்லை. ஆகவே வெறும் அலாரம் வைத்து இவனை அனுப்ப முடியாது. பல வீடுகளில் ‘ரிமைண்டர்’ வைத்தும் பயன் இல்லாமல் போவது இதனால்தான்.

<b>நின்று விட்டது, ஆனால் தீரவில்லை</b>

ஆஸ்துமாவில் நடப்பது இதுதான். மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சளி சேர்கிறது. நெபுலைசரும் நிவாரண இன்ஹேலரும் தசையின் இறுக்கத்தை நிமிடங்களில் தளர்த்தி விடும். விசில் சத்தம் நின்று விடும். வீக்கம் அப்படி அல்ல. அது அடங்கப் பல நாட்கள் ஆகும். அதற்காகத்தான் ஸ்டீராய்டு மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுக்கிறார்கள். அதற்கப்பால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கத் தடுப்பு இன்ஹேலர் தேவை. எந்த மருந்து, எத்தனை வேளை என்று முடிவு செய்வது அந்த ‘ரிவியூ’ நாளில்தான். இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறானா என்று பார்ப்பதும் அன்றுதான். ரோட்டாஹேலரை வைத்துக் கொண்டு உள்ளே இழுப்பதற்குப் பதிலாக ஊதும் பிள்ளைகள் உண்டு! மருந்து காற்றில் போகும். பழி மருந்தின் மேல் விழும்.

ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டி நெறிகளை வெளியிடும் ‘ஜினா’ அமைப்பு 2019-ல் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிவாரண இன்ஹேலரை மட்டும் கொடுத்து விட்டு விடக் கூடாது, வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் சேர வேண்டும் என்றது. அதாவது, ‘வந்தால் ஒரு பஃப் அடித்துக் கொள்’ என்ற பழைய முறை இந்த வயதுக்குப் போதாது.

ஆஸ்துமா மட்டும் அல்ல. தலையில் அடிபட்டு ஸ்கேன் நார்மல் என்று அனுப்பப்பட்டவன் எப்போது மறுபடி விளையாடலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கட்டுப் போட்ட எலும்பு நேராகச் சேருகிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும். சர்க்கரை அளவு ஏறி மயங்கி விழுந்த பிள்ளைக்கு இன்சுலின் அளவைச் சரி செய்ய வேண்டும். நாய்க்கடியில் இது உயிர்ப் பிரச்னை. தோலுக்குள் போடும் ரேபிஸ் தடுப்பூசி என்றால் கடித்த அன்று ஒன்று, பிறகு 3, 7, 28-ம் நாட்களில் என்று போட வேண்டும். காயம் ஆறி விட்டது என்று 28-ம் நாள் ஊசியை விடும் பிள்ளைகள் அதிகம். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

<b>ஞாபகப்படுத்துவதா, நாள் குறிப்பதா?</b>

கம்ப்யூட்டருக்கு வருமுன் ஒரு ஆய்வைச் சொல்லி விடுகிறேன். அமெரிக்காவில் எமர்ஜென்சி வார்டுகளில் ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெற்ற 2 வயது முதல் 54 வயது வரையிலானவர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2006-ல் வெளியாகின. வழக்கம் போல் "போய்க் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பியவர்களில் 42 சதவீதம் பேர் மறுபடி டாக்டரைப் பார்த்தார்கள். இரண்டாம் பிரிவுக்கு மாத்திரையை இலவசமாகத் தந்து, போக்குவரத்துக்குக் கூப்பனும் தந்து, "அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்" என்று போனிலும் ஞாபகப்படுத்தினார்கள். 48 சதவீதம்தான்! மூன்றாம் பிரிவுக்கு இலவச மாத்திரையும் கூப்பனும் தந்ததோடு, அப்பாயின்ட்மென்டையும் முன்கூட்டியே வாங்கிக் கொடுத்தார்கள். 65 சதவீதம்.

ஞாபகப்படுத்துவதை விட, நாளும் நேரமும் குறித்து விடுவது வலிமையானது என்பது இதிலிருந்து தெரிகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மறுபடி எமர்ஜென்சிக்கு வந்த எண்ணிக்கையில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு தடவை போய் வந்தால் எல்லாம் முடிந்து விடாது. அதன் பிறகும் மருந்து தொடர வேண்டும். இந்த இரண்டுக்கும் உங்கள் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று இனிப் பார்ப்போம்.

<b>முதலில் சீட்டு</b>

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே டிஸ்சார்ஜ் சம்மரியை ஸ்கேன் செய்து விடுங்கள். ஸ்கேனர் தேவை இல்லை. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் திறந்து, கேமரா அடையாளத்தைத் தட்டினால் பேப்பரின் ஓரங்களைத் தானே வெட்டி பி.டி.எப். பைலாக்கிக் கொடுக்கும். அதே கூகுள் அக்கவுண்ட்டில் கம்ப்யூட்டரில் நுழைந்தால் பைல் அங்கே இருக்கும்.

பைலுக்குப் பெயர் கொடுக்கும்போது வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். ‘2025-11-14 டிஸ்சார்ஜ்’ என்பது போல. அப்போதுதான் போல்டரில் பழையது, புதியது என்று வரிசையாக நிற்கும். தமிழிலேயே பெயர் வைக்கலாம். யுனிகோட் வந்த பிறகு ‘கட்டம் கட்டமாகத் தெரிகிறதே’ என்ற பழைய தொல்லை இல்லை. விண்டோஸிலேயே தமிழ் 99 கீ போர்டும், ஒலியியல் கீ போர்டும் இருக்கின்றன.

சீட்டில் கையெழுத்து புரியவில்லை என்றால் அன்றே போன் செய்து கேளுங்கள். என் அக்கா மகனின் சீட்டில் ‘6 டேஸ்’ என்பது ‘6 வீக்ஸ்’ போலத்தான் தெரிந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. எல்லா ஊரிலும் உள்ள கதைதான்.

<b>காலண்டர்: தட்டுவது பிள்ளையின் கையாக இருக்கட்டும்</b>

அடுத்தது நாள் குறிப்பது. முதலில் பிள்ளையிடம் பாடப் புத்தகம், டியூஷன், டெஸ்ட் அட்டவணையைக் கேளுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து டோக்கன் அல்லது நேரம் வாங்குங்கள். முடிந்தால் போனை அவனிடமே கொடுங்கள். 16 வயதுப் பெண்ணோ பையனோ சினிமா டிக்கெட் புக் செய்யத் தெரிந்தவர்கள்தான், இதுவும் வரும்.

இனி கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, கூகுள் காலண்டருக்குச் செல்லுங்கள். அவனுடைய சொந்த அக்கவுண்ட்டில், உங்களுடையதில் அல்ல. குறிப்பிட்ட நாளில் கிளிக் செய்தால் சிறிய கட்டம் திறக்கும். அதில் தலைப்பும் நேரமும் கொடுத்து, ‘மோர் ஆப்ஷன்ஸ்’ கிளிக் செய்தால் ‘ஆட் நோட்டிபிகேஷன்’ கிடைக்கும். இரண்டு வைத்தால் போதும். ஒன்று இரண்டு நாள் முன்பு; டியூஷன் சாரிடம் சொல்ல, தீர்ந்து போன மருந்தைக் குறித்துக் கொள்ள. இன்னொன்று இரண்டு மணி நேரம் முன்பு. ஐந்து, ஆறு என்று வைத்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

பழைய வாசகர்கள் சிலர் ‘கூகுள் காலண்டரிலிருந்து எஸ்.எம்.எஸ். வருமே’ என்று நினைக்கலாம். அந்த வசதி 2019 ஜனவரியில் நிறுத்தப்பட்டு விட்டது. இப்போது போனில் காலண்டர் அப்ளிகேஷன் இருந்தால் அதில் நோட்டிபிகேஷன் வரும், ஈமெயிலும் வரும். கம்ப்யூட்டரில் மட்டும் அலாரம் வைத்து விட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்தால் அது எதையும் அடிக்காது!

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. புதிய கம்ப்யூட்டரில் ரீஜன் அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் மாதம் முதலில் வரும். 05/06 என்று நீங்கள் ஜூன் 5-ஐ நினைத்துத் தட்ட, கம்ப்யூட்டர் மே 6 என்று எடுத்துக் கொள்ளும். செட்டிங்ஸ் சென்று, ‘டைம் அண்ட் லேங்குவேஜ்’ பிரிவில் ரீஜனல் பார்மட்டை ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என்று மாற்றி விடுங்கள். இது எல்லாத் தேதி வேலைக்கும் நல்லது.

அவனுடைய காலண்டரை நீங்கள் பார்க்க வேண்டுமா? அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்தால் ஷேர் செய்து கொள்ளலாம். ‘செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்’ பகுதியில் ‘சீ ஒன்லி ப்ரீ பிஸி’ என்று ஒரு தேர்வு உண்டு. நேரம் ஒதுக்கப்பட்டிருப்பது மட்டும் உங்களுக்குத் தெரியும், விவரம் தெரியாது. பல பிள்ளைகள் இதற்கு ஒப்புக் கொள்வார்கள்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவதாக இருந்தால் அதையும் யோசித்து எழுதுங்கள். "கட்டாயம் போகணும், சொல்லிட்டேன்" என்பதற்கும், "வியாழன் 5 மணிக்கு ரிவியூ. டியூஷன் சார்கிட்ட நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலாவது வாதத்தைத் தொடங்கி வைக்கும். இரண்டாவதில் போவது முடிவாகி விட்டது. பேச வேண்டியது டியூஷன் சாரைப் பற்றி மட்டுமே.

<b>எக்ஸெல்: அவனே பார்க்கட்டும்</b>

"எனக்கு ஒண்ணுமே இல்லை" என்பவனுக்கு என்ன பதில்? அறிவுரை வேண்டாம். ஒரு எண்ணைக் காட்டுங்கள்.

மருந்துக் கடையில் ‘பீக் ப்ளோ மீட்டர்’ என்று ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும். பேட்டரி, மின்சாரம் எதுவும் தேவை இல்லை. நின்று கொண்டு, முழு மூச்சை உள்ளே இழுத்து, உதடுகளால் வாயை இறுக்கி மூடி, ஒரே வேகத்தில் பலமாக ஊத வேண்டும். உள்ளே உள்ள முள் ஓர் எண்ணில் போய் நிற்கும். மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை எழுத வேண்டும். காலை, மாலை இரண்டு வேளை.

எக்ஸெல் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவசத் தொகுப்பையோ கூகுள் ஷீட்ஸையோ பயன்படுத்தலாம். முதல் நெட்டு வரிசையில் தேதி, இரண்டாவதில் காலை எண், மூன்றாவதில் மாலை எண், நான்காவதில் நிவாரண இன்ஹேலர் எத்தனை முறை, ஐந்தாவதில் இரவில் இருமி விழித்தானா என்பது. இதைத் தட்டுவதற்கு ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. நான்கைந்து நாள் ஆன பிறகு முதல் மூன்று வரிசைகளை மவுஸால் தேர்ந்தெடுத்து, ‘இன்சர்ட்’ டேபில் ‘சார்ட்ஸ்’ பகுதியில் ‘லைன்’ கிளிக் செய்யுங்கள். கோடு வந்து விடும்.

என் அக்கா மகனிடம் நான் செய்தது இதுதான். "போகாட்டி போ. ஆனா இதை மட்டும் ஊதி எக்ஸெல்ல போடு" என்றேன். மீட்டரை நானே வாங்கி அனுப்பினேன். கம்ப்யூட்டர் வேலை என்றதும் ஒப்புக் கொண்டான். கிரிக்கெட் ஆடிய மறுநாள், அதாவது நான்காம் நாள் காலை எண் 260. அவனுடைய உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவு 430 என்று மீட்டருடன் வந்த அட்டவணை சொன்னது. அவனே கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து விட்டுப் போன் செய்தான். "மாமா, 60 பர்சன்ட்தான் இருக்கு. மீட்டர் ரிப்பேரா?" "உங்கப்பாவை ஊதச் சொல்லிப் பாரு" என்றேன். அத்தான் ஊதினார்; 500-ஐத் தாண்டியது. மீட்டர் ரிப்பேர் இல்லை! ஆறாம் நாள் அந்தக் கோட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு அவனாகவே ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் அக்காவைப் பார்க்காமல் அவனைப் பார்த்துப் பேசினார். பேப்பர் அவன் கையில் அல்லவா இருந்தது! இன்ஹேலர் வெட்கத்தையும் அவரிடமே சொல்லி விட்டான். காலையும் இரவும் வீட்டிலேயே எடுத்துக் கொள்ளும் மருந்தாக மாற்றிக் கொடுத்தார். நிவாரண இன்ஹேலர் மட்டும் பையில் இருந்தால் போதும்.

சதவீதம் கணக்கிட, காலியான செல்லில் = குறி தட்டி, அன்றைய எண் உள்ள செல்லைக் கிளிக் செய்து, /430*100 என்று தட்டி என்டர் செய்யுங்கள். 430 என்ற இடத்தில் உங்கள் பிள்ளைக்கான எண்ணைப் போடுங்கள். நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கும் இரண்டு வாரங்களில் எட்டிய உச்ச எண்தான் அவனுடைய ‘பெர்சனல் பெஸ்ட்’. அது தெரிந்த பின் அட்டவணை எண்ணை விட்டு விட்டு அதையே வைத்துக் கொள்ளலாம். பொதுவாக 80 சதவீதத்துக்கு மேல் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள், டாக்டர் சொன்னபடி மருந்தைக் கூட்ட வேண்டும். 50-க்குக் கீழே சிவப்பு. பெர்சனல் பெஸ்ட் 400 என்றால் 320-ம் 200-ம் எல்லைகள். எக்ஸெல்லின் ‘கண்டிஷனல் பார்மட்டிங்’ மூலம் செல்லுக்கே அந்த நிறத்தைக் கொடுக்கலாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

சிவப்புக்குப் போனாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ எக்ஸெல்லில் போட்டுக் கொண்டு உட்காராதீர்கள். நிவாரண இன்ஹேலரைக் கொடுத்து விட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். ரிவியூ நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நாய்க்கடி ஊசிக்கும் எக்ஸெல் உதவும். முதல் செல்லில் முதல் ஊசியின் தேதி. அடுத்த செல்லில் = தட்டி, முதல் செல்லைக் கிளிக் செய்து, +3 தட்டி என்டர். அடுத்ததில் +7, அதற்கடுத்ததில் +28. விரல் விட்டு எண்ணுவதில் வரும் தவறு வராது. தேதிகளை ஊசி போட்ட இடத்தின் சீட்டோடு ஒரு முறை ஒப்பிட்டு விடுங்கள். தசையில் போடும் முறையில் 14-ம் நாளும் ஒரு ஊசி உண்டு.

<b>மூன்று கேள்விகள்</b>

போவதற்கு முதல் நாள் பிள்ளையை நோட்பேட் திறக்கச் சொல்லி, டாக்டரிடம் தான் கேட்க விரும்பும் மூன்று கேள்விகளைத் தட்டச் சொல்லுங்கள். நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடம் அவனையோ அவளையோ டாக்டருடன் தனியாக விட்டு விட்டு வெளியே வந்து உட்காருங்கள். பெண் பிள்ளை என்றால் பெண் டாக்டரோ நர்ஸோ உடன் இருக்கும்படி கேட்கலாம். சிகரெட், மாதவிலக்கு, தூக்கம், பயம் என்று நம் முன்னால் வராத பேச்செல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் வரும்.

<b>பேசத் தயங்கும் ஒன்று</b>

எமர்ஜென்சி வார்டுக்கு வரும் இளம் வயதினரில் ஒரு பகுதியினர் தங்களைத் தாங்களே வருத்திக் கொண்டு வந்தவர்கள். மதிப்பெண், காதல், வீட்டுச் சண்டை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். உடல் தேறியதும் குடும்பம் அந்தச் சீட்டை ஒளித்து விடுகிறது. அக்கம்பக்கம் தெரிந்து விடும் என்ற பயம். போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம்.

இரண்டாவது பயத்துக்கு இப்போது இடம் குறைவு. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படிச் செய்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

தொடர்ந்து பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கான சான்று நம் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று எமர்ஜென்சி வார்டுக்கு வந்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வை நடத்தியது. எல்லா வயதினரும் அதில் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா?" என்று விசாரித்தார்கள். அவ்வளவுதான். 2008-ல் வெளியான முடிவு: வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

அந்த ஒன்பது நாட்கள் 1, 2, 4, 7, 11-வது வாரங்களிலும், 4, 6, 12, 18-வது மாதங்களிலும் அமைந்தன. முதலில் நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு. இதை உங்கள் சொந்தக் காலண்டரில் ‘மருமகளுக்குப் போன்’ ‘தம்பி பையனுக்குப் போன்’ என்று ஒன்பது முறை போட்டு வைத்துக் கொள்ளலாம். அத்தை, சித்தப்பா, மாமா யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம். அது டாக்டரிடம் போவதற்குப் பதில் அல்ல. போக வைப்பதற்கான வழி. மனநல டாக்டரிடம் போகத் தயங்கினால் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவை உள்ளது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை பெறலாம்.

இங்கே கம்ப்யூட்டர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால், டெஸ்க்டாப்பில் அந்த டிஸ்சார்ஜ் பைல் கிடக்கக் கூடாது. தம்பியின் நண்பன் கேம் ஆட வந்து திறந்து விட்டால், அந்தப் பிள்ளை மறுபடி எந்த டாக்டரையும் பார்க்க மாட்டாள். செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பிரிவில் ‘அதர் யூசர்ஸ்’ சென்று ஒவ்வொருவருக்கும் தனி அக்கவுண்ட், தனி பாஸ்வேர்டு அமையுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தினால் திரை பூட்டிக் கொள்ளும். காலண்டரில் தலைப்பு ‘மனநல டாக்டர்’ என்று வேண்டாம். ‘5 மணி வேலை’ என்றிருந்தால் போதும். போனின் பூட்டிய திரையில் கூட அந்தத் தலைப்பு தெரியும் என்பதை மறக்காதீர்கள். கம்ப்யூட்டரில் அவள் எதைத் தேடினாள் என்று ஹிஸ்டரியைத் துருவுவதையும் தவிர்த்து விடுங்கள். தெரிந்து கொள்ள வேண்டியதை நேரே உட்கார்ந்து கேட்கலாம்.

<b>போக முடியாத நாளில்</b>

பஸ் ஸ்டிரைக், மழை, திருவிழா என்று போக முடியாமல் போகலாம். நாளை ரத்து செய்யாதீர்கள். காலண்டரில் அந்தக் கட்டத்தை மவுஸால் பிடித்து அடுத்த நாளுக்கு இழுத்து விடுங்கள். ஆஸ்பத்திரிக்குச் சொல்லி புது நேரத்தையும் வாங்கி விடுங்கள். அரசின் ‘இ-சஞ்சீவனி’ மூலம் வெப்கேமரா அல்லது போன் வழியாக டாக்டரிடம் ஆலோசனை பெறலாம். ஊசி, எக்ஸ்ரே, இன்ஹேலர் முறையைப் பார்ப்பது போன்றவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும்.

போய் முடித்ததும், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று அடுத்த தேதியைப் பிள்ளை தன் போன் காலண்டரில் தட்டி விடட்டும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் அது அங்கேயும் இருக்கும். புதுச் சீட்டையும் ஸ்கேன் செய்து, வருடம், மாதம், தேதி போட்டு அதே போல்டரில் சேர்த்து விடுங்கள். மாதம் ஒரு முறை அந்தப் போல்டரைப் பென் டிரைவில் காப்பி எடுத்து பீரோவில் வையுங்கள். பழைய பிளாஸ்டிக் கவரையும் தூக்கி எறிய வேண்டாம். அசல் சீட்டை நேரில் காட்டச் சொல்லும் ஆஸ்பத்திரிகள் இன்னும் இருக்கின்றன.